கராச்சி – மும்பை 870 கி.மீ.தான்... ஆனா எத்தனை மணி நேரம்? ஜே.ஆர்.டி. டாடா சுருக்கிய பயணம் மறுபடி நீண்டது எப்படி?

கராச்சி ஏர்போர்ட்டுக்கும் மும்பை ஏர்போர்ட்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம்? நேராக அளந்தால் சுமார் 870 கிலோமீட்டர். சென்னையிலிருந்து மும்பை போவதைவிடக் குறைவு. சாதாரண ஜெட் விமானம் ஒன்றரை மணி நேரத்தில் கடந்துவிடும்.

ஆனால் இன்றைக்கு இந்த இரண்டு ஊருக்கும் டிக்கெட் தேடிப் பாருங்கள். நேரடி ஃப்ளைட் ஒன்றுகூட வராது. துபாய் மாதிரி வேறு எங்கேயாவது இறங்கி, அடுத்த விமானம் ஏறித்தான் வர வேண்டும். துபாய் வழியாக என்றால் தூரம் சுமார் 3,100 கிலோமீட்டர். பறக்கும் நேரம் மட்டுமே ஐந்து மணி நேரத்தை நெருங்கும். நடுவில் காத்திருப்பதையும் சேர்த்தால் எட்டு, பத்து மணி நேரம் சாதாரணமாக ஆகிவிடும்.

இதே இரண்டு ஊருக்கும் நடுவே 1932-ல் ஒருவர் ஒற்றை எஞ்சின் கொண்ட ஒரு குட்டி விமானத்தை ஓட்டி வந்தார். ரேடியோ கிடையாது. வழியில் பெட்ரோல் போட ஒரு இடத்தில் இறங்கவும் செய்தார். அப்படியும் அவருக்கு ஆன நேரம் சுமார் ஏழு மணி நேரம்தான்.

அவர் ஜே.ஆர்.டி. டாடா. ஏர் இந்தியா என்று இன்று நாம் அழைக்கும் நிறுவனம் தொடங்கியது அந்தப் பயணத்தில்தான். ஒரு ஊருக்கும் இன்னொரு ஊருக்கும் இடையிலான தூரம் மாறாது, பயண நேரம் மட்டும் ஏன் மாறிக்கொண்டே இருக்கிறது? அவருடைய வாழ்க்கையைப் பார்த்தால் இதற்கு விடை கிடைக்கும்.

பாரிஸில் பிறந்த பையன்

ஜஹாங்கீர் ரத்தன்ஜி தாதாபாய் டாடா பிறந்தது 1904 ஜூலை 29-ல், பாரிஸ் நகரில். அப்பா ரத்தன்ஜி தாதாபாய் டாடா, ஜாம்ஷெட்ஜி டாடாவின் உறவினர், தொழிலில் பங்காளி. அம்மா சூசன், பிரெஞ்சுப் பெண். வீட்டில் பேச்சு பெரும்பாலும் பிரெஞ்சில்தான்.

பிரான்ஸின் வடக்குக் கடற்கரையில் ஆர்டெலோ என்ற ஊரில் குடும்பத்துக்கு ஒரு விடுமுறை வீடு இருந்தது. அதே ஊரில்தான் லூயி பிளேரியோவின் வீடும். 1909-ல் ஆங்கிலக் கால்வாயை விமானத்தில் முதன்முதலாகக் கடந்தவர் அவர். பக்கத்து வீட்டுக்காரர் விமானத்தில் பறக்கிறவர் என்றால் ஒரு சின்னப் பையனுக்கு வேறு என்ன ஆசை வரும்? 15 வயதில் அதே கடற்கரையில் ஜே.ஆர்.டி. முதன்முறையாக ஒரு விமானத்தில் ஏறிச் சுற்றி வந்தார். பைலட் ஆக வேண்டும் என்ற எண்ணம் அன்றைக்கே விழுந்துவிட்டது.

ஆனால் அது நடக்கப் பத்து வருடங்கள் ஆனது. நடுவில் பிரெஞ்சு ராணுவத்தில் கொஞ்ச காலம், பிறகு இந்தியா, டாடா நிறுவனத்தில் வேலைப் பயிற்சி என்று போனது. 1926-ல் அப்பா இறந்தார். பம்பாயில் ஃப்ளையிங் கிளப் வந்ததும் ஜே.ஆர்.டி. போய்ச் சேர்ந்தார். 1929 பிப்ரவரி 10-ல் அவருக்கு லைசென்ஸ் கிடைத்தது. இந்தியாவில் வழங்கப்பட்ட பைலட் லைசென்ஸ்களில் அதன் நம்பர் 1. அதே ஆண்டில் பிரெஞ்சுக் குடியுரிமையையும் விட்டுவிட்டார்.

பிளக் கொடுத்துத் தோற்ற பந்தயம்

1930-ல் ஆகா கான் பரிசுக்கான போட்டி நடந்தது. இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் நடுவே, எந்தத் திசையிலாவது, ஒரு மாதத்துக்குள் தனியாகப் பறந்து முடிக்கும் முதல் இந்தியருக்கு 500 பவுண்டு. ஜே.ஆர்.டி. கராச்சியிலிருந்து லண்டனை நோக்கிக் கிளம்பினார். ஆஸ்பி இன்ஜினியர் என்ற 17 வயதுப் பையன் இங்கிலாந்திலிருந்து கராச்சியை நோக்கிக் கிளம்பினார்.

இருவரும் எகிப்தில் அபூகிர் என்ற இடத்தில் சந்தித்துக்கொண்டார்கள். ஆஸ்பி அங்கே மாட்டிக்கொண்டிருந்தார். எஞ்சினுக்கு ஸ்பார்க் பிளக் இல்லை. ஜே.ஆர்.டி. தன்னிடம் கூடுதலாக இருந்த பிளக்குகளை எடுத்துக் கொடுத்துவிட்டுத் தன் வழியில் போனார். கடைசியில் ஆஸ்பி கராச்சியை அடைந்தபோது ஜே.ஆர்.டி.க்கு லண்டன் வரச் சில மணி நேரமே பாக்கி இருந்தது. பரிசு ஆஸ்பிக்கு. இந்த ஆஸ்பி இன்ஜினியர்தான் பின்னாளில் இந்திய விமானப்படையின் தளபதி ஆனவர்.

இந்தக் கதையை ஜே.ஆர்.டி.யின் பெருந்தன்மைக்கு உதாரணமாகச் சொல்வார்கள். அதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணத்தில் யார் முந்துவார் என்பதை அங்கே விமானத்தின் வேகம் முடிவு செய்யவில்லை. தரையில் நின்ற நேரம்தான் முடிவு செய்தது.

லண்டன் தபால் ஏன் கராச்சியில் நின்றது?

அப்போது பிரிட்டனின் இம்பீரியல் ஏர்வேஸ் 1929 முதல் லண்டனிலிருந்து கராச்சிக்குத் தபால் விமானம் விட்டுக்கொண்டிருந்தது. லண்டனில் போட்ட கடிதம் ஒரு வாரத்தில் கராச்சி வந்துவிடும். கப்பல் காலத்தில் இது பெரிய விஷயம்.

ஆனால் கடிதம் சென்னைக்கோ பம்பாய்க்கோ உரியது என்றால்? அங்கிருந்து ரயில்தான். வானத்தில் மிச்சப்படுத்திய நேரத்தில் ஒரு பங்கு தரையில் போய்விடும்.

இந்த இடைவெளியைக் கவனித்தவர் நெவில் வின்சென்ட். பிரிட்டன் விமானப்படையின் முன்னாள் பைலட். கராச்சியில் இறங்கும் தபாலை அங்கிருந்தே விமானத்தில் ஏற்றி பம்பாய்க்கும் சென்னைக்கும் கொண்டு போகலாம் என்று அவர் ஒரு திட்டம் போட்டார். ஜே.ஆர்.டி. அதைப் பிடித்துக்கொண்டார். டாடா குழுமத்தின் தலைவர் தோராப்ஜி டாடாவைச் சம்மதிக்க வைத்ததும் முதலீடாகக் கிடைத்தது 2 லட்சம் ரூபாய். அரசிடம் மானியம் கேட்டுப் பார்த்தார்கள், கிடைக்கவில்லை. சரி, ஏற்றிவரும் தபாலுக்கு மட்டும் காசு கொடுங்கள் என்று ஒப்பந்தம் போட்டார்கள். 1932 ஏப்ரலில் கையெழுத்தானது.

இரண்டு பஸ் மாத் விமானங்கள், விரல்விட்டு எண்ணக்கூடிய பைலட்டுகள், மெக்கானிக்குகள். கம்பெனி அவ்ளோதான்.

1932 அக்டோபர் 15: என்ன நடந்தது?

அன்று காலை கராச்சியின் டிரிக் ரோடு விமானத் தளத்திலிருந்து ஜே.ஆர்.டி. கிளம்பினார். விமானத்தில் அவரும் சுமார் 25 கிலோ தபாலும் மட்டும். முதலில் அகமதாபாத். நேராக அளந்தால் சுமார் 590 கிலோமீட்டர். அங்கே எரிபொருள் நிரப்பிக்கொண்டு தெற்கே திரும்பினார். அங்கிருந்து பம்பாய் ஜுஹு 440 கிலோமீட்டர். ஆக மொத்தம் கிட்டத்தட்ட 1,030 கிலோமீட்டர். நேர் தூரமான 870-ஐ விட 160 கிலோமீட்டர் அதிகம்.

பஸ் மாத் மணிக்கு 160, 170 கிலோமீட்டர் வேகத்தில் போகும். இன்றைக்கு எக்ஸ்பிரஸ் சாலையில் சில கார்கள் தொடுகிற வேகம். கணக்குப் போட்டால் பறக்கும் நேரம் ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. அகமதாபாத்தில் நின்றதையும் சேர்த்து மதியத்துக்குப் பிறகு ஜுஹுவில் இறங்கினார்.

அங்கே தயாராக இருந்த வின்சென்ட் தபாலை வாங்கிக்கொண்டு பெல்லாரி வழியாகச் சென்னைக்குப் பறந்தார். மேப்பில் பார்த்தால் பெல்லாரி கிட்டத்தட்ட பம்பாய் – சென்னை நேர்கோட்டின் மேலேயே இருக்கிறது. அங்கே இறங்குவதால் கூடும் தூரம் பத்துக் கிலோமீட்டர்கூடத் தேறாது. இறங்கி ஏறும் நேரம்தான் கூடுதல். அகமதாபாத் மாதிரி ஒரு சுற்று வழி இல்லை.

ஜுஹுவில் அப்போது இருந்தது கடலோரச் சேற்று நிலத்தில் ஒரு ஓடுதளம். மழைக்காலத்தில் கடல் தண்ணீர் ஏறிவிடும். அதனால் மழை நாட்களில் மூட்டை முடிச்சோடு புனேவுக்கு இடம் மாறிவிடுவார்கள். பாதையைக் காட்ட ரேடியோ கருவி எதுவும் இல்லாத காலம். மேப், காம்பஸ், கண், அனுபவம் இவ்வளவுதான் துணை.

அப்படியும் முதல் ஒரு வருடத்தில் 1,60,000 மைல் பறந்தார்கள். தபாலோடு சேர்த்து ஏற்றிய பயணிகள் மொத்தம் 155 பேர். மழைக்காலத்திலும் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டி விமானம் சொன்ன நேரத்துக்கு வந்தது என்பதுதான் டாடா தபால் விமானத்துக்குக் கிடைத்த பெரிய பெயர். 1938-ல் இந்த வழி கொழும்பு வரை நீண்டது. அதே ஆண்டில் 34 வயது ஜே.ஆர்.டி. டாடா குழுமத்தின் தலைவரும் ஆனார். தொடக்கத்திலிருந்து கூட நின்ற வின்சென்ட் 1942-ல், உலகப்போர் நடுவே பிரிட்டன் போகும் ஒரு விமானத்தில் உயிரிழந்தார்.

சரி, தூரமும் நேரமும் எப்படிக் கணக்கிடப்படுகின்றன?

இரண்டு ஏர்போர்ட்டுக்கு நடுவே தூரம் என்று ஆப்கள் காட்டுவது பூமி உருண்டையின் மேல் அளந்த மிகக் குறுகிய பாதை. ஒரு பூமி உருண்டை பொம்மையில் இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் அது எப்படி நிற்குமோ, அதுதான் அந்தப் பாதை. தட்டையான மேப்பில் இதே பாதை வளைந்து தெரியும்.

ஆனால் எந்த விமானமும் அந்த நூல் மேலேயே போவதில்லை. காரணங்கள் பல:

* விமானத்தில் எவ்வளவு எரிபொருள் பிடிக்கும்? போதாவிட்டால் வழியில் இறங்கணும்.
* காற்று எந்தப் பக்கம் வீசுகிறது? உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வேகமாக வீசும் காற்று இருப்பதால்தான் மும்பையிலிருந்து லண்டன் போவதைவிட லண்டனிலிருந்து மும்பை வருவதற்குக் குறைவான நேரம் ஆகிறது.
* வழியில் இருக்கும் நாடுகள் தங்கள் வான்வெளியில் பறக்க விடுகின்றனவா?
* இறங்கும் ஊரில் ஓடுதளம் காலியாக இருக்கிறதா?

டிக்கெட்டில் போட்டிருக்கும் பயண நேரம் பறக்கும் நேரம் மட்டும் இல்லை. ஒரு ஏர்போர்ட்டில் விமானம் நகரத் தொடங்குவதிலிருந்து இன்னொரு ஏர்போர்ட்டில் வந்து நிற்பது வரை உள்ள மொத்த நேரம் அது. இதில் தூரம் மட்டும்தான் இயற்கை கொடுத்தது. காற்றைத் தவிர மற்றதெல்லாம் மனிதர்கள் கையில் இருக்கிறது.

கராச்சியிலிருந்து லண்டனுக்கு

1946-ல் டாடா ஏர்லைன்ஸ் பொது நிறுவனமாகி ஏர் இந்தியா என்று பெயர் மாறியது. மறு வருடம் நாடு பிரிந்தது. ஜே.ஆர்.டி. தபால் ஏற்றிய ஊர் ஒரு நாட்டிலும், இறக்கிய ஊர் இன்னொரு நாட்டிலும் ஆகிப்போயின. கராச்சி – பம்பாய் வழி இரு நாடுகளுக்கு இடையிலான வழியாக மாறியது.

ஜே.ஆர்.டி. அடுத்த தூரத்துக்குத் தயாரானார். 1948 ஜூன் 8-ல் மலபார் பிரின்சஸ் என்ற லாக்ஹீட் கான்ஸ்டலேஷன் விமானம் 35 பயணிகளோடு பம்பாயிலிருந்து லண்டனுக்குக் கிளம்பியது. ஐரோப்பாவுக்கு இந்திய நிறுவனம் ஒன்று தொடங்கிய முதல் விமான சேவை. கெய்ரோ, ஜெனீவா இரண்டு இடத்திலும் இறங்கிப் போகணும். நேர் தூரம் சுமார் 7,200 கிலோமீட்டர், இந்த வழியில் சுமார் 7,900. மணிக்கு 500 கிலோமீட்டர் வேகம் என்று வைத்துக்கொண்டாலும் வானத்தில் மட்டும் கிட்டத்தட்ட 16 மணி நேரம்.

1960-ல் போயிங் 707 ஜெட் வந்தது. வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்கானது. 1962-ல் ஏர் இந்தியா உலகிலேயே முதன்முதலாக முழுக்க ஜெட் விமானங்களை மட்டும் ஓட்டும் நிறுவனம் ஆனது. மும்பை – லண்டன் இப்போது எங்கும் நிற்காமல் பத்து மணி நேரத்துக்குள்ளோ, கொஞ்சம் கூடவோ முடிந்துவிடுகிறது. ஊர்கள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

அவர் கணக்குத் தப்பிய இடம்

ஜே.ஆர்.டி. எல்லாவற்றையும் சரியாகவே கணித்தார் என்று சொல்ல முடியாது. 1949-ல் மத்திய அமைச்சர் ரஃபி அகமது கித்வாய் இரவு விமானத் தபால் திட்டத்தைக் கொண்டு வந்தார். டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை நான்கு ஊரிலிருந்தும் இரவில் விமானங்கள் கிளம்பி நாக்பூரில் கூடும். தபால் பைகளை மாற்றிக்கொண்டு விடிவதற்குள் அவரவர் ஊருக்குத் திரும்பிவிடும். மாலையில் சென்னையில் போட்ட கடிதம் மறுநாள் டெல்லியில்.

இரவில் இறங்கப் போதிய விளக்கு, ரேடியோ வசதிகள் இல்லாமல் இது நடக்காது என்று ஜே.ஆர்.டி. எதிர்த்தார். அமைச்சரோடு வெளிப்படையாகவே மோதல் வந்தது. பாதுகாப்பு பற்றிய அவருடைய கவலையில் நியாயம் இருந்தது. ஆனால் திட்டம் நின்றுவிடவில்லை, பல ஆண்டுகள் ஓடியது. 1932-ல் தபாலின் நேரத்தைச் சுருக்கி வந்தவர், இந்த முறை அதற்கு எதிர்ப்பக்கம் நின்றார்.

அரசு கைக்குப் போன விமானங்கள்

1953-ல் விமான நிறுவனங்கள் எல்லாவற்றையும் அரசு எடுத்துக்கொண்டது. ஜே.ஆர்.டி. இதை விரும்பவில்லை, எதிர்த்துப் பேசினார். ஆனாலும் நேரு அரசு கேட்டபோது ஏர் இந்தியாவின் தலைவராகத் தொடர ஒப்புக்கொண்டார். 25 வருடங்கள் தொடர்ந்தார்.

1978 புத்தாண்டு அன்று ஏர் இந்தியாவின் எம்பரர் அசோகா என்ற 747 விமானம் பம்பாய் கடலில் விழுந்தது. அதில் இருந்த 213 பேரும் இறந்தார்கள். அடுத்த மாதமே மொரார்ஜி தேசாய் அரசு ஜே.ஆர்.டி.யைத் தலைவர் பதவியிலிருந்து எடுத்தது. அரசு நேரடியாகச் சொல்லும் முன்பே, அந்த இடத்துக்கு வரப்போகும் முன்னாள் விமானப்படைத் தளபதி பி.சி.லால் மூலம்தான் அவருக்கு விஷயம் தெரிந்தது. 46 வருடத்துக்கு முன் தானே ஓட்டித் தொடங்கி வைத்த நிறுவனத்திலிருந்து அவர் வெளியேறிய விதம் இது.

78 வயதில் மறுபடியும் அதே வழி

முதல் பயணத்தின் 30-வது ஆண்டு நிறைவில், 1962 அக்டோபர் 15-ல், ஜே.ஆர்.டி. மறுபடியும் கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்குப் பறந்தார். இந்த முறை லெப்பர்ட் மாத் என்ற பழைய சின்ன விமானம். 50-வது ஆண்டு நிறைவில், 1982-ல், அதே பயணம் இன்னொரு முறை. அப்போது அவருக்கு வயது 78.

இடையில் 1965, 1971 என்று இந்தியாவும் பாகிஸ்தானும் இரண்டு போர்களைச் சந்தித்திருந்தன. அதற்குப் பிறகும் ஒரு இந்தியர் கராச்சியில் குட்டி விமானத்தைக் கிளப்பிக்கொண்டு பம்பாயில் வந்து இறங்க முடிந்தது. இரண்டு அரசுகளும் அனுமதித்தால் போதும், ஒரே நாளில் முடிந்துவிடும் பயணம் அது.

1992-ல் அவருக்குப் பாரத ரத்னா வழங்கப்பட்டது. 1993 நவம்பர் 29-ல் ஜெனீவாவில் இறந்தார். உடல் அடக்கமானது அவர் பிறந்த பாரிஸில்.

இப்போது நிலைமை என்ன?

2022 ஜனவரியில் ஏர் இந்தியா மீண்டும் டாடா குழுமத்திடம் வந்தது. ஆனால் அதைத் தொடங்கி வைத்த வழி மூடிக் கிடக்கிறது. பஹல்காம் தாக்குதலுக்குப் பின் 2025 ஏப்ரலில், பாகிஸ்தான் இந்திய விமானங்களுக்கும், இந்தியா பாகிஸ்தான் விமானங்களுக்கும் வான்வெளியை மூடின.

இதன் பாதிப்பு கராச்சிக்குப் போக நினைப்பவர்களோடு முடியவில்லை. டெல்லியிலிருந்து ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் கிளம்பிய ஏர் இந்தியா விமானங்கள் தெற்கே இறங்கி அரபிக்கடல் பக்கமாகச் சுற்றிப் போக வேண்டியதானது. கூடுதல் எரிபொருள், கூடுதல் ஊழியர் நேரம், கூடுதல் செலவு. நிற்காமல் போய் வந்த சில அமெரிக்க விமானங்கள் எரிபொருளுக்காக ஐரோப்பாவில் இறங்கி ஏறின. 1948-ல் கெய்ரோவில் இறங்கியது விமானத்தால் முடியாததால். இப்போது இறங்கியது, முடிந்தும் வழி இல்லாததால்.

சுருக்கமாகச் சொன்னால், கராச்சி – மும்பை வழியின் கணக்கு இதுதான்:

* 1932: அகமதாபாத் வழியாக சுமார் 1,030 கி.மீ., குட்டி விமானத்தில் சுமார் 7 மணி நேரம்.
* ஜெட் காலத்தில் நேரடியாகப் போனால்: சுமார் 870 கி.மீ., ஒன்றரை மணி நேரம்.
* இன்று துபாய் வழியாக: சுமார் 3,100 கி.மீ., காத்திருப்போடு 8 மணி நேரத்துக்கு மேல்.

ஒரு தலைமுறைக்கும் மேலாக ஜே.ஆர்.டி. செய்த வேலை, பயண நேரத்திலிருந்து ஒவ்வொரு மணியாகக் குறைத்தது. நல்ல எஞ்சின், நல்ல ஓடுதளம், சொன்ன நேரத்துக்குக் கிளம்பும் ஊழியர்கள் இருந்தால் அது முடியும் என்று காட்டினார். அவரால் வாங்கிப் போட முடியாதது ஒன்று இருந்தது. அது இரண்டு நாடுகள் தர வேண்டிய அனுமதி. அடுத்த முறை டிக்கெட் தேடும்போது பக்கத்து ஊருக்குப் பத்து மணி நேரம் என்று காட்டினால், காரணம் மேப்பில் இருக்காது.